சும்மா கிடந்த மாவடு

மருதங்கோட்டை ராஜா விசயகிரிக்கு இரண்டு பெருமைகள். ஒன்று, ஊரில் ஓர் ஆய்வுச்சாலை வைத்திருப்பது. இன்னொன்று, அரண்மனை மாவடு. மாவடுவின் மேல்தான் பாசம் கொஞ்சம் அதிகம்.

ஆய்வுச்சாலையில் இருந்தவர்கள் காலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வார்கள். மீதி நேரத்தில் தங்கள் நூலை எழுதுவார்கள். பாடம் சொல்வதற்காக அரண்மனையிலிருந்து அரிசி, பருப்பு, உப்பு எல்லாம் படியாகப் போகும். பூவராகன் அப்படித்தான் பல வருஷமாகக் காய்ச்சல் மூலிகைகளைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தான். "எப்போது முடியும்?" என்று மட்டும் அவனிடம் யாரும் கேட்கக் கூடாது. கேட்டால் முகம் சுண்டிப் போகும்.

அந்தப் பங்குனியில் பொக்கிஷதார் ஏகாம்பரம் சபையில் எழுந்தார். மிச்சம் பிடிப்பதில் மனுஷர் மகா கெட்டிக்காரர்.

"பிரபு, கோடை முழுக்கப் பிள்ளைகளுக்கு விடுமுறை. பாடம் கிடையாது. இவர்களுக்குப் படி மட்டும் போகிறது. சும்மா உட்கார்ந்திருப்பதற்கா சோறு?"

பூவராகன் பதறிவிட்டான். "கோடையில்தான் பிரபு எழுதவே நேரம் கிடைக்கிறது. படி நின்றால் உப்பளத்துக்குக் கூலி வேலைக்குப் போக வேண்டியதுதான். போனால் திரும்பி வந்து எழுதுவேனா என்று எனக்கே தெரியாது."

ராஜாவுக்கு அன்று வெயிலில் தலைவலி. "சும்மா கிடக்கிற எதற்கும் இந்தக் கோடையில் ஒரு கல் உப்புகூடப் போகக் கூடாது!" என்று கத்தினார்.

"எதற்குமா, பிரபு?" என்று ஒரு குரல். வடிவாம்பாள். சபையைச் சிரிக்க வைப்பவள் அவள்தான். அரண்மனைச் சமையல் சாமான்கள் இருக்கும் உக்கிராண அறைச் சாவியும் அவள் இடுப்பில்தான்.

"எதற்கும்தான்!"

"உத்தரவு" என்று கும்பிட்டாள்.

வெளியே வந்ததும் பூவராகனைப் பிடித்தாள். "மூட்டையைக் கட்டாதே தம்பி. உன் கூட்டாளிகளையும் கூட்டிக்கொண்டு வா. என் வீட்டுக் கஞ்சியைக் குடித்துவிட்டு எழுதுங்கள்."

வைகாசி வந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. ராஜா பொக்கிஷதாரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, "தயிர்சாதம்! மாவடு!" என்றார். வடிவாம்பாள் ஜாடியைக் கொண்டுவந்து மூடியைத் திறந்தாள். அவ்வளவுதான். ராஜா மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்தே விட்டார்.

"என்ன வடிவு இது? அழுகிக் கிடக்கிறதே!"

"உங்கள் ஆணைக்கு மறுநாள் தோட்டத்திலிருந்து வந்த வடு, பிரபு. ஜாடியில் போட்டுவிட்டுத் தினமும் எட்டிப் பார்த்தேன். ஒரு வேலையும் செய்யவில்லை. சும்மாவே கிடந்தது. அதனால் உப்புப் போடவில்லை."

ஏகாம்பரத்துக்குப் பொறுக்கவில்லை. அவருக்கும் மாவடு என்றால் உயிர். "அடப் பாவமே! சும்மா கிடக்கிறதா? ஊறுகிற நேரம் அம்மா அது! அந்த நேரத்தில் போய் உப்பை நிறுத்தினால் அத்தனை பாடும் பாழாகாதா?"

"கேட்டீர்களா பிரபு?" என்றாள் வடிவாம்பாள். "பூவராகனுக்காகப் பொக்கிஷதாரே பேசிவிட்டார்."

ராஜா ஏகாம்பரத்தைப் பார்த்தார், ஜாடியைப் பார்த்தார், வயிறு குலுங்கச் சிரித்தார். "இன்றைக்கே படியை அனுப்பும் ஐயா, விட்டுப்போனதையும் சேர்த்து!" பிறகுதான் அவருக்கு உறைத்தது. "அந்தப் பையன் உப்பளத்துக்குப் போய்விட்டானா?"

"இல்லை பிரபு. எல்லோரும் என் வீட்டுக் கஞ்சியில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்."

"பாவம், வெறும் கஞ்சியா?"

"தொட்டுக்கொள்ள மாவடு உண்டு."

ராஜாவின் சிரிப்பு நின்றது. "எந்த மாவடு?"

"அன்று வந்த வடுவில் பாதிக்கு உப்புப் போட்டேன். சும்மா கிடப்பவர்களுக்குத்தானே உப்புக் கூடாது என்றீர்கள்? இவர்கள் ராப்பகலாய் எழுதுகிறார்கள். அதனால் நல்ல ஜாடி அவர்களுக்குப் போயிற்று."

"எனக்கு ஒன்றாவது மிஞ்சுமா, வடிவு?" ராஜாவின் குரல் இறங்கிவிட்டது.

"பூவராகன் நல்ல பிள்ளை, பிரபு. நூல் முடிகிற அன்று மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்றான்."

"அப்பாடா! எப்போது முடியும்?"

வடிவாம்பாள் குனிந்து மெதுவாகச் சொன்னாள்.

"அதை மட்டும் அவனிடம் கேட்டுவிடாதீர்கள், பிரபு."