உள்ளேன் அக்கா

மூன்றாம் வகுப்பு உதவியாளர் செண்பகவல்லிக்கு ஆசிரியர் பயிற்சியில் இடம் கிடைத்துவிட்டது. பாடம் நடத்திய அனுபவச் சான்றிதழை மட்டும் அன்று மாலைக்குள் கொடுக்க வேண்டும்.

தலைமையாசிரியர் வரதப்பன் மீசையை நீவினார். "அந்த வகுப்புக்கு வாத்தியார் நான். நீ சாக்பீஸ் எடுத்துக் கொடுத்தவதானே? பாடம் நடத்தினேன்னு எப்படிம்மா எழுதித் தர்றது?"

ஆய்வுக்கு வந்திருந்த கல்வி அலுவலரும் பக்கத்தில் இருந்தார்.

"சரி சார். உங்க வகுப்புக்கு நீங்களே ஒரு தடவை அட்டெண்டன்ஸ் எடுங்க, போதும்" என்றாள்.

"இதென்ன பிரமாதம்?" என்று அலுவலரையும் அழைத்துக்கொண்டு வகுப்புக்குப் போனார். கம்பீரமாக வாசித்தார்.

"அன்பரசன்."

"உள்ளேன் அக்கா."

"மும்தாஜ்."

"உள்ளேன் அக்கா."

அலுவலர் பேனாவை நீட்டினார். "முதல்ல சான்றிதழ்ல கையெழுத்துப் போடுங்க, அக்கா."