இரண்டு கட்டை

"அவனை உள்ளே விடக்கூடாதுங்கம்மா."

வாசலில் நின்றபடியே சொன்னார் சென்னிமலை. தோளில் கோடாலி. மூக்கு நுனி சிவந்திருந்தது. பாதி குளிருக்கு, பாதி கோபத்துக்கு.

தெய்வானை அம்மா பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

"யாரைங்ண்ணா?"

"திருமூர்த்தியாம். கேட்டுக்கு வெளிய உக்காந்திருக்கறான். மடியில ஒரு சாக்கு மூட்டை."

அம்மாவின் கையிலிருந்த பூண்டுப் பல் தவறி உருண்டது. அதை எடுத்து ஊதி, மறுபடி முறத்தில் போட்டார்.

"சாப்பிட்டாரான்னு கேட்டீங்களா?"

"கேட்டைப் பூட்டிட்டு வந்துட்டனுங்க."

சாவியைக் காட்டினார். அரைஞாணில் முடிந்து வைத்திருந்தார்.

கோத்தகிரிக்கு மேலே, விறகுக்கு ஆகும் சீகை மரங்கள் மண்டிய ஒரு சரிவில் இருந்தது அம்மாவின் இடம். ஆசிரமம் என்று யாராவது சொன்னால் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிடும். நாலு அறை, குளிர் காய ஒரு கணப்பு, பின்பக்கம் ஒரு விறகுக் கொட்டகை, அவ்வளவுதான். அம்மா ஒரு காலத்தில் தேயிலைத் தொழிற்சாலையில் இலை எடை போட்டவர். அவரிடம் எதையோ கேட்க ஆட்கள் மலையேறி வருவார்கள். கேட்டதற்கு நேராகப் பதில் வாங்கிப் போனவர் குறைவு.

சென்னிமலைக்குச் சொந்த ஊர் சமவெளியில் கோபி. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமான பிறகு வீட்டில் இருப்புக் கொள்ளாமல், வைகாசி மாதம் ஒரு பையோடு வந்து இறங்கினார். அம்மாவைவிட வயதில் நன்றாகவே மூத்தவர். அவர் அம்மா என்பார், அம்மா அவரை அண்ணா என்பார். இரண்டு பேருக்கும் அது பொருத்தமாகவே இருந்தது.

வந்த அன்றே கேட்டார்.

"நான் என்ன பண்ணட்டுங்கம்மா?"

அம்மா அவரைக் கொட்டகைக்குக் கூட்டிப் போனார். இடது பக்கம் விறகு கூரை வரை அடுக்கியிருந்தது. வலது பக்கம் வெறும் தரை.

"வலப்பக்கம் காலியா இருக்குதுங்ண்ணா" என்றார்.

அதையே உபதேசமாக எடுத்துக்கொண்டார் சென்னிமலை.

மழை விட்ட நேரமெல்லாம் சரிவில் இறங்கினார். சீகையைச் சாய்த்தார். கையால் இழுக்கும் ரம்பத்தில் துண்டு போட்டார். பருத்த கட்டைகளில் இரும்பு ஆப்பை இறக்கிச் சம்மட்டியால் அடித்துப் பிளந்தார். கயிறு கட்டி மேட்டுக்கு இழுத்து, தள்ளுவண்டியில் ஏற்றிக் கொட்டகைக்குக் கொண்டுவந்தார். டிக்கெட் கிழித்த கை அது. முதல் மாதம் தோல் உரிந்தது, இரண்டாம் மாதம் காய்த்துப்போனது.

"மெஷின் ரம்பம் ஒண்ணு இருந்துச்சுன்னா இந்தப் பாடு இல்லை" என்றார் ஒருநாள் பால்காரரிடம்.

"இருந்துச்சுங்க. உங்களுக்கு முன்னால இங்க இருந்த திருமூர்த்தி எடுத்துட்டுப் போயிட்டாரு."

"எடுத்துட்டா?"

"மூணு வருஷமா மந்திரம் கேட்டிருக்காரு. அம்மா வெறகு வெட்டச் சொல்லிட்டே இருந்திருக்காங்க. சித்திரையில ஒருநாள், ஞானம் கேட்டா வெறகு குடுக்கறீங்களேன்னு சத்தம் போட்டுட்டு, மெஷினைத் தூக்கிட்டு எறங்கிட்டாரு."

அன்றிலிருந்து ரம்பத்தை இழுக்கும் ஒவ்வொரு இழுப்புக்கும் சென்னிமலை திருமூர்த்தியை ஒரு வார்த்தை திட்டினார். முகம் தெரியாத ஆளைத் திட்டுவது வசதியாகத்தான் இருந்தது.

அம்மா மட்டும் அந்தப் பெயரை எடுத்ததே இல்லை.

அம்மாவிடம் சென்னிமலை அசந்துபோன விஷயம் ஒன்று உண்டு. சாயங்காலம் கணப்பை அம்மாதான் மூட்டுவார். இடது பக்க அடுக்கிலிருந்து இரண்டு கட்டை எடுத்து வருவார். இரண்டே இரண்டு. அது எரிந்து அணைந்ததும் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

ஆடி மழையில் ஒருநாள் சென்னிமலை கேட்டுப் பார்த்தார்.

"இன்னொண்ணு போடட்டுங்களா?"

"வேண்டாங்ண்ணா. போதும்."

கொட்டகை நிறைய விறகை வைத்துக்கொண்டு போதும் என்கிறாரே! சென்னிமலைக்கு உடம்பு சிலிர்த்தது. இதுவல்லவா தவம்! தானும் மப்ளரைக் கழற்றி வைத்தார். பல் கிட்டுவதை மறைக்க முருகா முருகா என்று சொல்லிக்கொண்டார். வருகிறவர்களிடமெல்லாம், "எங்கம்மா குளிரை ஜெயிச்சவங்க" என்று பெருமை அடித்துக்கொண்டார்.

இப்போது மார்கழி. காலையில் புல்லெல்லாம் உறைபனி வெளுத்துக் கிடந்தது. இந்த நேரம் பார்த்து வந்து உட்கார்ந்திருக்கிறான் அந்த ஆள்.

"மெஷினையும் தூக்கிட்டு ஓடுனவன், குளிரு வந்ததும் குளிர் காய வந்துட்டானுங்க" என்றார் சென்னிமலை. "நான் கெடந்து வெட்டியிருக்கறேன். வெட்டுனவனுக்குத்தானுங்க வெறகு. ஓடுனவனுக்கு ஒரு குச்சி கிடையாது. ஆறரை பஸ்ஸுல ஏறி வந்த வழியே போகட்டும்."

அம்மா முறத்தை ஓரமாக வைத்தார்.

"வெட்டினவருக்குத்தான் விறகா?"

"அதுதானுங்க நியாயம்."

"சரிங்ண்ணா. அப்படியே செய்வோம்."

அம்மா இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொள்வார் என்று சென்னிமலை நினைக்கவில்லை.

"இன்னைக்குக் கணப்பை நீங்களே மூட்டுங்க. நீங்க வெட்டினதுல" என்றார் அம்மா.

சென்னிமலையின் முகம் மலர்ந்தது. இத்தனை மாதத்தில் அம்மா வலது பக்க அடுக்கிலிருந்து ஒரு துண்டுகூட எடுக்கவில்லை. இன்றைக்குத்தான் வேளை வந்திருக்கிறது.

"அதுக்கு முன்னால இதைக் கேட்டுல குடுத்துட்டு வந்துருங்க."

அம்மா தன் கம்பளியை உருவி நீட்டினார்.

"உங்களுக்குங்கம்மா?"

"கணப்புதான் எரியப்போகுதே."

சென்னிமலை போனார். கேட்டுக்கு அந்தப் பக்கம் கல்லில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். நரைத்த தாடி, மெல்லிய சட்டை. மூட்டையைப் பக்கத்தில் வைத்து முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்தார். சென்னிமலை கம்பளியைக் கேட்டின்மேல் போட்டுவிட்டுத் திரும்பினார்.

"அம்மா நல்லா இருக்காங்களா?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

சென்னிமலைக்குக் காது கேட்கவில்லை. அப்படித்தான் அவர் வைத்துக்கொண்டார்.

வலது பக்க அடுக்கிலிருந்து பார்த்துப் பார்த்து நாலு கட்டை எடுத்தார். கணப்பில் கூட்டி வைத்தார். சுள்ளியைச் செருகித் தீக்குச்சியைக் கிழித்தார்.

சுள்ளி எரிந்தது. கட்டை எரியவில்லை.

மறுபடி சுள்ளி வைத்தார். கட்டையின் முனையில் நுரை கட்டியது. உஸ்ஸென்று ஒரு சத்தம். அப்புறம் புகை.

ஊதாங்குழலை எடுத்து ஊதினார். புகை கூடியது. கட்டையைச் சிலாம்பு சிலாம்பாகப் பிளந்து வைத்தார். அதுவும் புகைந்தது.

கோபி வெயிலுக்கு, வெட்டிப் போட்ட மரம் சில நாளில் காய்ந்து வெடித்துவிடும். விறகு என்றால் எரியும் என்று மட்டுமே தெரிந்த ஊர்க்காரர் அவர். இங்கே ஆனியில் பிடித்த மழை கார்த்திகை வரை விடவில்லை. மழை விட்டால் மூடுபனி இறங்கியது. போதாததற்கு, காற்று நுழைய இடம் விடாமல் இறுக்கி அடுக்கி, மேலே தார்ப்பாய் போட்டு நாலு பக்கமும் மூடியும் வைத்திருந்தார், பத்திரமாக இருக்கட்டும் என்று. கட்டைக்குள் ஈரம் அப்படியே இருந்தது.

எதிரே அம்மா உட்கார்ந்திருந்தார். தோளில் வெறும் துண்டு. புகையில் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. எழுந்து போகவில்லை. ஆனால் அவர் விரல்கள் நடுங்குவதைச் சென்னிமலை பார்த்துவிட்டார்.

அதைப் பார்க்க அவருக்குத் தாங்கவில்லை.

"கொஞ்சம் பொறுங்கம்மா. அந்தப் பழைய அடுக்குலேருந்து எடுத்துட்டு வந்தர்றேன்."

"அது நீங்க வெட்டினதுங்களா?"

"இல்லீங்க. நான் வரும்போதே இருந்ததுங்க."

"எனக்கும் அதுல பங்கு இல்லீங்ண்ணா. நான் கோடாலியே தொட்டதில்லை. வெட்டினவருக்குத்தானே விறகு?"

சென்னிமலை எழுந்து கொட்டகைக்கு நடந்தார். அம்மா என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், எடுத்து வந்து மூட்டிவிட வேண்டியது என்று நினைத்துக்கொண்டார்.

இடது பக்க அடுக்கிலிருந்து ஒரு கட்டையை இழுத்தார். கனமே இல்லை. இன்னொன்றை இழுத்து இரண்டையும் தட்டிப் பார்த்தார். கணீரென்றது.

கட்டையின் முகத்தில் விரலை ஓட்டினார். தன் கை ரம்பம் அறுத்த முகம் எப்படிப் பிசிறு தட்டும் என்று அவருக்குத் தெரியும். இது வழவழவென்று இருந்தது. இன்னொன்றைத் தடவினார், அதுவும் அப்படியே. எல்லாமே மெஷின் அறுத்த முகம்.

அந்த மெஷின் யார் கையில் இருந்தது என்பதும் அவருக்குத் தெரியும். திட்டித் திட்டி மனப்பாடம் ஆன பெயராயிற்றே.

வைகாசியிலிருந்து தினமும் இந்தக் கட்டைகள் எரிந்த நெருப்பில்தான் குளிர் காய்ந்திருக்கிறார். அதன் சூட்டில்தான் உட்கார்ந்து திட்டியிருக்கிறார்.

எடுத்த கட்டைகளை எடுத்த இடத்திலேயே வைத்தார்.

அப்போது கீழே வளைவில் ஆறரை பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

சென்னிமலை ஓடினார்.

கேட்டு மேல் கம்பளி மடித்து வைத்திருந்தது. கல்லில் ஆள் இல்லை. பாதைக்குக் கீழே பஸ் நின்றது. சாக்கு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு திருமூர்த்தி சரிவில் இறங்கிக்கொண்டிருந்தார். உள்ளே விளக்கு வெளிச்சத்தில் டிரைவர் எட்டிப் பார்த்தார்.

எந்த முகத்தோடு கூப்பிடுவது?

இரண்டு விரலை வாயில் வைத்தார். ஆயுசுக்கும் ஊதின விசில். விட்டு விட்டு இரண்டு தடவை.

டிரைவர்களுக்கு அது போதும். பஸ் கிளம்பிவிட்டது.

"யோவ்! யாருய்யா ரைட் குடுத்தது?" என்று பஸ்ஸுக்குள்ளிருந்து கண்டக்டர் கத்துவது வளைவு திரும்பும் வரை கேட்டது.

திருமூர்த்தி திகைத்துப்போய் நின்றார். பிறகு திரும்பிப் பார்த்து, கேட்டை நோக்கி மேலே ஏறி வந்தார்.

சென்னிமலை அரைஞாணில் சாவியைத் தேடினார். முடிச்சு அவிழ மறுத்தது. இழுத்து அறுத்தார்.

"ஏனுங்க" என்றார். மூச்சு வாங்கியது. "கொஞ்சம் வெறகு வேணுமுங்க. கேட்டுட்டு எடுக்கலாம்னு வந்தேன்."

"என்னையா கேக்கறீங்க?"

"உங்க வெறகுதானுங்களே."

திருமூர்த்திக்கு ஒன்றும் விளங்கவில்லை. பூட்டு திறப்பதையும், இந்த மனிதரின் கண் கலங்கிச் சிவந்திருப்பதையும் பார்த்தார்.

"அம்மாவுக்குக் குளுருதுங்க" என்றார் சென்னிமலை.

அதற்கு மேல் திருமூர்த்திக்கு எதுவும் விளங்க வேண்டியிருக்கவில்லை. மூட்டையைச் சென்னிமலை கையில் திணித்துவிட்டுக் கொட்டகைப் பக்கம் ஓடினார். மூட்டை கனத்தது. சாக்குக்குள் மெஷின் ரம்பம் இருந்தது. புதுச் செயின் போட்டு, எண்ணெய் துடைத்துச் சுத்தமாக இருந்தது.

திருமூர்த்தி ஒரு கை நிறைய விறகை அணைத்துக்கொண்டு உள்ளே வந்தார். அம்மாவை நிமிர்ந்து பார்க்காமலே கணப்பின் முன்னால் உட்கார்ந்தார். புகைந்த கட்டைகளை ஒதுக்கிவிட்டுத் தன்னுடையதை அடுக்கினார். ஒரே குச்சியில் பற்றிக்கொண்டது.

"மாசியில அறுத்தது" என்றார் நெருப்பைப் பார்த்து.

"சாப்பிட்டீங்களா?" என்றார் அம்மா.

தலையை ஆட்டினார். இல்லை என்றா, உண்டு என்றா என்று தெரியவில்லை.

சென்னிமலை கம்பளியைக் கொண்டுவந்து அம்மாவின் தோளில் போட்டார். அம்மா அதை விரித்து, ஒரு முனையைத் திருமூர்த்தியின் முதுகுக்கு இழுத்துவிட்டார்.

"அம்மா" என்றார் திருமூர்த்தி. "பாதி அடுக்கு அப்படியே கெடக்குதுங்களே. இந்த மழைக்கெல்லாம் என்ன பண்ணுனீங்க?"

"ரெண்டு ரெண்டா எரிச்சோம்."

"ஏனுங்கம்மா? தாராளமா எரிக்கத்தானே அவ்வளவு அறுத்துப் போட்டேன்."

அம்மா நெருப்புக்கு நேரே கையை நீட்டிக் குளிர் காய்ந்தார்.

"கோவம் தீர்ந்தா வருவீங்கன்னு நினைச்சேன். வர்றப்ப மார்கழியா இருந்துட்டா குளிருமே. மீதியை உங்களுக்கு எடுத்து வெச்சேன்."

திருமூர்த்தி கம்பளிக்குள் முகத்தை மறைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது.

திருமூர்த்தி கொண்டுவந்ததில் ஒரு பெரிய கட்டையை எடுத்த சென்னிமலை, அதைக் கையில் வைத்தபடியே நின்றார். ஆடிக் குளிரில் உட்கார்ந்த இடம், மப்ளரைக் கழற்றி வைத்த ஆணி, எல்லாவற்றையும் ஒரு முறை பார்த்தார்.

"அப்ப அது தவம் இல்லீங்களாம்மா?"

"தவமா?" அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "நடுங்கிச் செத்தேனுங்ண்ணா. அந்தப் பெரிய கட்டையைத் தூக்கி உள்ளே போடுங்க."