எனக்கு வராத பொன்னாடை

எனக்கு வரவேண்டிய பொன்னாடையைப் போட்டுக்கொண்டு திரிபவர் கணக்குப் பேராசிரியர் திருமலையப்பன். அவர் துறையில் நான் பியூன்.

அவர் வகுப்பில் பார்வையில்லாத பிள்ளை ஒருத்தி, ஜெசிந்தா. இவர் கரும்பலகையில் எழுதிக்கொண்டே, "இதை இங்கே கொண்டுவந்தால் அது போய்விடும்" என்பார்.

"எழுதுறதை வாயாலயும் சொல்லுங்க சார். இல்லாட்டி நான் படிப்பை விட்டுட்டுத்தான் போகணும்" என்றாள்.

"உனக்காகப் பாடத்தை மாத்த முடியாதும்மா. வேற யாராவது புரியலைன்னு சொல்லட்டும், மாத்துறேன்."

துணைவேந்தர் வகுப்பைப் பார்க்க வந்தார். விழா மேடையில் போடுவதுபோல அவர் நாற்காலியை மாணவர்களைப் பார்த்துப் போட்டேன். கரும்பலகை அவர் முதுகுக்குப் பின்னால். மாலையும் கழுத்துமாக உட்கார்ந்தவர் திரும்பிப் பார்ப்பாரா?

"இதை இங்கே கொண்டுவந்தால்..." என்று ஆரம்பித்தார் பேராசிரியர்.

"எதை, எங்கேய்யா? ஒண்ணும் புரியலையே" என்றார் துணைவேந்தர்.

"ஜெசிந்தாவும் தினம் அதைத்தாங்கய்யா கேக்குது" என்றேன்.

மறுநாளிலிருந்து பேராசிரியர் எழுதுவதையெல்லாம் சொல்லிச் சொல்லி எழுதினார். ஜெசிந்தா பாஸானாள். எல்லோருக்கும் புரியும்படி நடத்துகிறாராம், பல்கலைக்கழகம் அவருக்குப் பொன்னாடை போர்த்தியது. அந்த விழாவுக்கும் நாற்காலி போட்டது நான்தான். அவர் தோளில் சரிகை பளபளத்தது. என் தோளில் நாற்காலி துடைக்கிற துணி கிடந்தது. எனக்குச் சேரவேண்டியதை அவர் இன்னும் தரவில்லை.