போளூரிலிருந்து வந்த பதில்

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. இப்போதே சிரித்துவிடாதீர்கள். முதலில் மோடம்.

மலையடி மடத்தில் ஒரு மோடம் இருந்தது. தொலைபேசி வழியாக வெளியூர்க் கணினியோடு பேசவைக்கும் பெட்டி. கட்டளை தட்டினால் 'சரி' என்றோ 'தவறு' என்றோ பதில் தரும். அந்தப் பதிலை நிறுத்தி வைக்கலாம். நாம் தட்டுவதை அப்படியே திருப்பிக் காட்டும்படியும் வைக்கலாம். குரு தையல்நாயகிக்கு இதெல்லாம் அத்துப்படி.

சீடர் குஞ்சிதபாதத்துக்கு மோடம் தெரியாது. குருவைவிட வயதில் மூத்தவர். குரு எது சொன்னாலும் அதே சொல்லில், அதே இழுவையில் திருப்பிச் சொல்வார்.

"மழை வரும்போல இருக்கு."

"மழை வரும்போல இருக்கும்மா."

சிரிப்பு இது இல்லை. பொறுங்கள்.

போளூர்க் கிளைமடத்துக்கு ஓர் ஆசிரியர் தேவைப்பட்டார். குஞ்சிதபாதத்துக்கு அந்த இடத்தின்மேல் அத்தனை ஆசை.

"அம்மா, நான் எப்போ போளூர் போகலாம்?" என்று முற்றத்தில் வைத்துக் கேட்டார்.

"கால் கழுவிட்டு உள்ளே வாங்க."

அவர் வருவதற்குள் குரு கணினியில் மோடத்துக்கு ஒரு வரி தட்டினார். பதில் சொல்லாதே, சத்தம் போடாதே, சொன்னதைத் திருப்பிச் சொல். பிறகு தொலைபேசி ஒயரைச் சுவரிலிருந்து உருவி மேசைக்கு அடியில் தள்ளினார்.

"போளூரைக் கூப்பிட்டு நீங்களே கேளுங்க. வரச் சொன்னா போங்க. திரையோட மேல்பாதியில நீங்க தட்டுறது தெரியும். கீழ்ப்பாதியைப் பாருங்க."

"கீழ்ப்பாதியைப் பார்க்கறேம்மா."

குஞ்சிதபாதம் போளூர் எண்ணைத் தட்டினார். கீழே அதே எண். ஆங்கில எழுத்தில் 'வணக்கம்' என்று தட்டினார். கீழே 'வணக்கம்'.

"பணிவானவங்க," என்றார்.

'மூச்சைக் கவனி' என்று குருவின் முதல் பாடத்தை அனுப்பினார். அதுவும் திரும்பி வந்தது.

"பாடம் நல்லா ஏறுதும்மா. ஒரு எழுத்து பிசகல."

"திருப்பிச் சொல்லிட்டா ஏறிடுச்சா?"

"பின்னே?"

குரு மறுபடி திரையைக் காட்டினார்.

'நான் குஞ்சிதபாதம்' என்று தட்டினார். கீழே, 'நான் குஞ்சிதபாதம்.'

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அங்கேயும் நம்ம பேர்ல ஒருத்தர் இருக்கார்."

"இருக்கலாம்."

'நான் வரட்டுமா?' என்று கேட்டார். அந்தப் பக்கமும் அதையே கேட்டது.

"அவர் இங்கே வரணுமாம். இங்கே எதுக்கும்மா?"

"கேளுங்களேன்."

'நீங்க வேண்டாம், நான்தான் வருவேன்' என்று ஓங்கித் தட்டினார். அந்தப் பக்கமும் விட்டுக்கொடுக்கவில்லை.

"பிடிவாதக்காரர். எனக்கு முன்னாடி அந்த இடத்துல உட்கார்ந்துட்டாரோ?"

'நீ யார்?' என்று கேட்டார்.

'நீ யார்?'

குஞ்சிதபாதம் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "தலை சுத்துதும்மா. வான்னா வான்னு சொல்லட்டும், வராதேன்னா அதையாவது சொல்லட்டும். சொந்தமா ஒரு வார்த்தை வராதா அந்த மனுஷனுக்கு?"

குரு குனிந்து, மேசைக்கு அடியில் கிடந்த ஒயரின் நுனியை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"அந்தப் பக்கம் யாருமே இல்ல."

"அந்தப் பக்கம் யாரு..." என்று ஆரம்பித்தார் குஞ்சிதபாதம்.

மிச்சத்தைச் சொல்லவில்லை.