பின்வரிசையின் அமைதி

மலைமேல் ஒரு குழந்தைகள் இல்லம் இருந்தது. அங்கிருந்த சில பிள்ளைகளுக்கு மாதந்தோறும் ரத்தம் ஏற்ற வேண்டும். ஆஸ்பத்திரி அடிவாரத்தில். இல்லத்தின் பழைய வேன் படுத்துவிட்டது.

ஒரு எஸ்டேட்காரர் தன் பெரிய எஸ்.யூ.வி.யை விற்பதாகச் சொன்னார். மூன்று வரிசை இருக்கை. பார்த்து முடிவு செய்யும் வேலையை சிஸ்டர் பவுலின், இன்னாசிமுத்துவிடம் கொடுத்தார். அவர் ஓய்வுபெற்றபின் சிஸ்டரிடம் தொண்டு கற்க வந்தவர். வயதில் மூத்தவர், ஆனாலும் சீடர்.

வண்டியைப் பார்த்த அன்று மதியம் இன்னாசிமுத்து குழப்பத்தோடு சிஸ்டரிடம் வந்து நின்றார்.

"சிஸ்டர், எனக்கு ஒண்ணும் புரியலை. மெக்கானிக் இன்ஜின் கல்லு மாதிரி இருக்குங்கிறார். டிரைவர் பிரேக் கொஞ்சம் இறங்குதுங்கிறார். ஃபாதர் கறுப்பு வண்டி வேண்டாங்கிறார்."

"ஃபாதர் அங்கியே கறுப்புதானே?"

"அதையும் கேட்டேன். முறைக்கிறார். சாயங்காலம் வேற ஆள் வந்து எடுத்துட்டுப் போயிடுவான். வாங்கலாமா, வேண்டாமா? நீங்களே சொல்லிடுங்க."

"நீங்க ஓட்டிப் பார்த்தீங்களா?"

"காலையில அடிவாரம் வரை போய் வந்தேன். முன்னாடி உட்கார்ந்தா தொட்டில்ல உட்கார்ந்த மாதிரி இருக்கு. ரத்தம் ஏத்துற நாலு பிள்ளைங்களையும் கடைசி வரிசையில ஏத்திக்கிட்டேன்."

"எப்படி வந்தாங்க?"

இன்னாசிமுத்துவின் முகம் தெளிந்தது. "அதுதான் சிஸ்டர் ஆச்சரியம். பழைய வேன்ல என்ன கூத்து அடிப்பாங்க. இதில சத்தமே இல்லை. வளைவு தாண்டினதும் தூங்கிட்டாங்க. அவ்வளவு சுகம்."

சிஸ்டர் எழுந்தார். பிள்ளைகள் படுத்திருந்த அறைக்கு வேகமாக நடந்தார். இன்னாசிமுத்து குழம்பியபடி பின்னால் ஓடினார்.

சிஸ்டர் ஒவ்வொரு பிள்ளையாக உலுக்கி எழுப்பினார். நால்வரும் எழுந்தார்கள். வெண்ணிலா என்ற சிறுமி நெற்றியைத் தேய்த்தாள்.

"தலை வலிக்குதா?"

"ஆமா சிஸ்டர். எல்லாருக்கும்."

"வண்டியில ஏன் சொல்லலை?"

"சொன்னா முத்து ஐயா வண்டி வாங்க மாட்டாருல்ல?"

சிஸ்டர் ஜன்னல்களைத் திறந்துவிட்டு, டாக்டருக்குப் போன் செய்து, வண்டிப் புகை பின்வரிசைக்குள் கசிந்திருக்கலாம் என்றார். நால்வரையும் உடனே கூட்டி வரச் சொன்னார் டாக்டர். சிஸ்டர் அவர்களைப் பக்கத்து எஸ்டேட் ஜீப்பில் ஏற்றி, உதவிக்கு இன்னொரு சிஸ்டரையும் கூட அனுப்பினார்.

ஜீப் கண்ணுக்கு மறைந்தபின்னும் இன்னாசிமுத்து அங்கேயே நின்றார்.

"காலையில வெயில் ஏறிடுச்சு சிஸ்டர். வெறும் வயிறு வேற. அதனாலகூடத் தலை வலிச்சிருக்கலாம். முன்னாடி எனக்கு ஒரு வாடையும் வரலையே."

"பிள்ளைங்க பின்னாடிதானே இருந்தாங்க?" என்றார் சிஸ்டர்.

"நான் பின்னாடி உட்காருறேன்," என்றார் இன்னாசிமுத்து. "நீங்க ஓட்டுங்க. அப்பதான் எனக்கு மனசு ஆறும்."

"கொஞ்ச தூரம்தான். ஆனா ஒண்ணு, வாயை மூடாம பேசிக்கிட்டே வரணும்."

"அது எனக்கு வரம், சிஸ்டர்."

கடைசி வரிசையில் முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்தார். அந்த வரிசையின் ஜன்னல் கண்ணாடி திறக்காத வகை. சிஸ்டர் தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

"இடம் கொஞ்சம் இடுக்கு," என்றார் இன்னாசிமுத்து.

"ம்."

"ஏதோ கருகின வாடை சிஸ்டர். லேசா."

"முன்னாடி ஒண்ணும் தெரியலையே."

"இப்ப இல்லை. பழகிடுச்சு போல. மெக்கானிக் சொன்னது சரிதானோ? நல்ல வண்டி மாதிரிதான்... குலுக்கலே இல்லை. கண்ணை என்னமோ..."

முதல் கொண்டை ஊசி வளைவு வருமுன் வண்டி ஓரமாக நின்றது. சிஸ்டர் இறங்கி ஓடி வந்து பின்கதவைத் தூக்கினார். அவர் கையைப் பற்றி வெளியே இழுத்து, கல்லில் உட்கார வைத்தார். இன்னாசிமுத்து காற்றை இழுத்து இழுத்து விட்டார். 

"எனக்கு ஒண்ணும் இல்லையே சிஸ்டர். நல்லாத்தானே வந்தேன். ஏன் நிறுத்துனீங்க?"

"நீங்க பேசுறதை நிறுத்திட்டீங்க, ஐயா."