காணாமல் போன இஞ்சு டேப்

இந்தக் கதையில் குருவுக்கு வயது முப்பத்தொன்று. சீடருக்கு ஐம்பத்து மூன்று. சிரிக்காதீர்கள், அப்படித்தான் நடந்தது.

சீடர் தளவாய் சார். இருபத்தாறு வருடம் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு நடத்தியவர். அவர் செருமினால் போதும், வகுப்பு மூச்சுவிடாது. ஒன்றாம் வகுப்பு டீச்சர் பிரசவ விடுப்பில் போக, அந்த இடத்துக்கு இவரை அனுப்பினார்கள். அங்கேதான் இவர் பாச்சா பலிக்கவில்லை.

சும்மா சொல்லக் கூடாது, மனிதர் என்னென்னமோ செய்து பார்த்தார். வண்ண அட்டை, மணிச்சட்டம், பட்டனை அழுத்தினால் எண் சொல்லும் பொம்மை என்று பீரோ நிறைய வாங்கி அடுக்கினார். படங்கள் கோணலாகிவிடக் கூடாதென்று வீட்டிலிருந்து இஞ்சு டேப் கொண்டுவந்து சுவரை அளந்து மாட்டினார்; அந்த டேப்பும் பீரோவுக்குள் போனது. பிள்ளைகள் கொட்டாவி விட்டன. இசக்கி என்ற குட்டிப் பெண் நான்கு மாதமாக வகுப்பில் வாயே திறக்கவில்லை.

மனசு விட்டுப்போய், விருப்ப ஓய்வுக் கடிதம் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கொடுப்பதற்கு முன்னால், பக்கத்து அறையில் இரண்டாம் வகுப்பு எடுக்கும் ரெஜினா டீச்சரிடம் போய் நின்றார். அந்த அறையில் நாள் முழுக்கச் சிரிப்புச் சத்தம் கேட்கும்.

"டீச்சர், வெட்கத்தை விட்டுக் கேக்கேன். இன்னும் என்ன வாங்கிப் போட்டா இதுக என்னையத் திரும்பிப் பாக்கும்?"

"பீரோ சாவி எங்க, சார்?"

"இடுப்புல."

"பிள்ளைக கையில எதையும் குடுக்கிறதில்லையா?"

"நல்லாருக்கே! ஒரே நாள்ல ஒடச்சிரும். நானே எடுத்துக் காட்டிட்டு, நானே உள்ள வச்சுப் பூட்டிருவேன்."

ரெஜினா கையிலிருந்த சாக்பீஸைக் கீழே வைத்தாள்.

"நாளைக்கு அம்புட்டையும் தரையில பரப்பி வைங்க. நீங்க ஒரு வார்த்தை பேசக் கூடாது. சாயங்காலம் எது காணாமப் போச்சுன்னு வந்து சொல்லுங்க."

"களவு போகட்டுங்கீங்களா?"

"எது காணோம்னு மட்டும் சொல்லுங்க, சார்."

மறுநாள் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் மணி அடித்ததும் எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டு ஓடி வந்தார்.

"அட்டை இருக்கு. பொம்மை இருக்கு. எங்க வீட்டு இஞ்சு டேப்பைக் காணோம்! அது பாடம் நடத்துற பொருளே இல்லியே, டீச்சர். எந்தக் களவாணின்னு காலையில கண்டுபிடிச்சிருதேன்."

"விசாரிக்காதீங்க. வகுப்பு வாசல்ல நில்லுங்க, போதும்."

காலையில் போய் நின்றார். முதல் ஆளாக வந்தது இசக்கி. மூடியிருந்த கையைப் பயந்து பயந்து திறந்தாள். உள்ளே அந்த டேப். அதில் மூன்று ஸ்டிக்கர் பொட்டு, அவள் அம்மாவின் பொட்டுதான், சிவப்பு, பச்சை, கறுப்பு என்று அங்கங்கே ஒட்டியிருந்தது.

தளவாய் சார் திட்டவில்லை. அவரைத் தெரிந்தவர்களுக்கு அதுவே பெரிய அதிசயம்.

இசக்கி சிவப்புப் பொட்டின் மேல் விரலை வைத்தாள்.

"இது எங்க ஆட்டுக்குட்டி உசரம். எத்தன, சார்?"

நான்கு மாதத்தில் முதல் பேச்சு! அவர் குனிந்து பொட்டு இருந்த இடத்தைப் பார்த்தார்.

"பதினெட்டும்மா."

"பச்சை எங்கம்மா கை. கறுப்பு எங்க நாயி வாலு. அது நிக்க மாட்டேன்னு ஓடிட்டு, சார். பதினெட்ட எப்படி எழுதணும்?"

தாளுக்காகச் சட்டைப்பையைத் துழாவினார். இருந்தது அந்தக் கடிதம் ஒன்றுதான். பின்பக்கத்தைத் திருப்பி நீட்டினார். அவர் சொல்லச் சொல்ல எழுதினாள். ஒன்று நேராக வந்தது. எட்டு குப்புற விழுந்தது, ஆனால் எட்டுதான்!

அதற்குள் மற்ற பிள்ளைகள் மொய்த்துவிட்டன. "எனக்கு சார், எனக்கு!" கதவை அளந்தன, பெஞ்சை அளந்தன, ஒருத்தி சடையை இன்னொருத்தி அளந்தாள். கடைசியில் சாரின் தொப்பையைச் சுற்றி டேப் வந்தது.

"இது எத்தன, சார்?"

"நாப்பத்தொண்ணு" என்றார் சன்னமாக.

"நாப்பத்தொண்ணு!" வகுப்பே கூவியது. இவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வர, தொப்பை குலுங்கி டேப் நழுவியது. மறுபடியும் அளந்தார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் சன்னலில் வந்து எட்டிப் பார்த்தார்கள். நம்ம தளவாய் சாரா இப்படிச் சிரிக்கிறார் என்று அவர்களுக்கு நம்பவே முடியவில்லை.

சாயங்காலம் அவர் ரெஜினாவின் மேசைமேல் அந்தக் கடிதத்தை விரித்தார். இரண்டு பக்கமும் இடமில்லாமல் எண்கள். ஓய்வு கேட்ட வரிகளின் மேலேயே யாரோ பெரிதாக நாற்பத்தொன்று எழுதியிருந்தார்கள்.

"ஜெயிச்சிட்டோம், டீச்சர்! இருபது டேப் வாங்கப் போறேன், ஆளுக்கு ஒண்ணு. இனி வருசம் பூரா இதுதான் பாடம்!"

ரெஜினா கையை நீட்டினாள்.

"வாங்குங்க, சார். பீரோ சாவிய மட்டும் எங்கிட்டக் குடுத்துருங்க, அது தெறந்தே கெடக்கட்டும். அடுத்த வாரம் எது காணாமப் போகுதுன்னு பாக்கணும்ல."