பகீரதன் விட்ட ஊதாப் பூ

"என்னையும் பிடுங்கிக் கரையில போட்ருங்கம்மா."

பகீரதன் இப்படிச் சொன்னபோது அவன் தோளில் ஒரு துணிப்பை தொங்கியது. மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பியே விட்டான்.

மரகதவல்லி அம்மை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் நின்று ஆகாயத்தாமரையை இழுத்துக்கொண்டிருந்தார். குளத்தங்கரை மடத்துக்கு அவர்தான் குரு. சீடன் பகீரதனைவிட வயதில் இளையவர் என்பதால் அவனை அண்ணே என்பார். அவன் அவரை அம்மா என்பான். மடத்தில் யாருக்கும் இதில் குழப்பம் வந்ததில்லை.

"எங்கண்ணே கிளம்பிட்டிய?"

"ஊருக்கு."

"எந்த ஊருக்கு?"

பகீரதன் பையை மறு தோளுக்கு மாற்றினான்.

ஒடிசாவிலிருந்து செங்கல் சூளை வேலைக்கு வந்தவன் அவன். ஒருநாள் தண்ணீர் கேட்டு மடத்துக்குள் நுழைந்தவன், அப்படியே தங்கிவிட்டான். சொந்த ஊரில் அவனைத் தேட இப்போது ஒரு ஆள் கிடையாது.

அவன் செய்த குற்றம் என்னவென்றால், பூப் பறித்ததுதான். போன மழைக்கு முன்னால் சாலையோரப் பள்ளத்தில் ஆகாயத்தாமரை ஊதா ஊதாவாகப் பூத்திருந்ததைப் பார்த்தான். அம்மைக்குப் பூ என்றால் உயிர். ஒரு வாளி நிறையச் செடியோடு அள்ளி வந்து குளத்தில் விட்டான். அம்மையும் அதைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தார். பாவம், ரெண்டு பேருக்குமே தெரியவில்லை.

செடி சும்மா இருக்குமா? மழை ஓய்வதற்குள் குளம் முழுக்கப் பாய் விரித்துவிட்டது. வெயில் உள்ளே இறங்கவில்லை. அடியிலிருந்த பாசி அழுகியது. மீன்கள் மூச்சு முட்டிச் செத்து மிதந்தன. மீன் இல்லாத குளத்தில் முக்குளிப்பான் பறவைக்கு என்ன வேலை? அதுவும் குஞ்சுகளோடு போய்விட்டது.

நேற்று ஒரு கல்லூரி ஆசிரியை வந்து எல்லோரையும் உட்காரவைத்துப் பாடம் நடத்தினார். வாழிடம் என்றால் என்ன, உணவுச் சங்கிலி எங்கே அறுந்தது என்று அழகாகத்தான் சொன்னார். கடைசியில் அந்தச் செடியைத் தூக்கிக் காட்டினார்.

"இது அயல் இனம். வெளியிலிருந்து வந்தது. வேரோடு எடுத்தாகணும்."

அதற்குப் பிறகு பகீரதனுக்குச் சோறு இறங்கவில்லை.

"டீச்சரம்மா சொன்னது சரிதானம்மா" என்றான் இப்போது. "வெளிய இருந்து வந்தது கெடுக்கத்தான் செய்யும். குளத்தக் கெடுத்தாச்சு. இனி மடத்தையும் கெடுக்கணுமா?"

அம்மை ஒரு கொத்துச் செடியை அவன் பக்கம் நீட்டினார்.

"இதப் பிடிங்க. கனக்கு."

பிடித்தான். பிடித்தவன் அடுத்ததையும் பிடித்தான். பிறகு பையைக் கரையில் வைத்துவிட்டுத் தண்ணீரிலேயே இறங்கிவிட்டான்.

"வேலை முடிஞ்சதும் போயிருவேம்மா."

"சரிண்ணே."

அவன் அந்தப் பதிலை எதிர்பார்க்கவில்லை. போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டாரா என்று மனசு அடித்துக்கொண்டது. அதைக் காட்டிக்கொள்ளாமல் வெறிபிடித்தவன்போல் இழுத்தான். இடுப்பு விட்டுப்போயிற்று. கரையேறி, கிடந்த ஒரு கல்லில் பொத்தென்று உட்கார்ந்தான்.

கரையெல்லாம் சேறு. உட்கார அந்த ஒரு கல்தான் இருந்தது.

அம்மையும் கரையேறி வந்தார். அவன் பக்கத்தில் நின்றார்.

பகீரதன் சட்டென்று கல்லின் ஓரத்துக்குப் போனான். பாதி உடம்பு வெளியே தொங்கியது. காலியான இடத்தைத் துண்டால் துடைத்துவிட்டான்.

"உக்காருங்கம்மா."

அம்மை உட்கார்ந்தார். நல்லா வசதியாகவே உட்கார்ந்தார்.

"இப்ப என்னண்ணே செஞ்சிய?"

"என்ன செஞ்சேன்? நகந்தேன்."

"எதுக்கு?"

"நீங்க உக்கார இடம் வேணும்லா?"

அம்மை கரையில் குவிந்துகிடந்த ஆகாயத்தாமரையைக் காட்டினார்.

"குளத்து மீனெல்லாம் அதுகிட்ட இத ஒண்ணத்தான் கேட்டுச்சுண்ணே. அது நகரல."